படிகக் குலங்களும் சுட்ட பீங்கானும்

படிகத்துக்குள் அணுக்கள் எத்தனை விதமாக ஒழுங்குபட்டு அமைய முடியும் என்ற கேள்விக்குக் கணிதம் 1891-இல் முழு விடையும் தந்துவிட்டது. அந்த ஒழுங்கை எக்ஸ் கதிரின் துணையோடு நேரில் கண்டறிந்தது 1912-இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் அந்த விடையால் எவருக்கும் பெரிய பயன் இருக்கவில்லை. இன்றோ மின்தேக்கி, அல்ட்ராசவுண்ட் கருவி, பல்லுக்குப் பொருத்தும் சிர்கோனியா உறை என்று பொறியியல் பீங்கான் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அந்தப் பட்டியல் கூடவே இருக்கிறது. அருவ இயற்கணிதம் சூளையில் சுட்ட பொருளோடு சேர்ந்த கதை, பாரிஸில் உடைந்த ஒரு கால்சைட் துண்டிலிருந்து தொடங்குகிறது.

ரெனே ஜுஸ்ட் ஆயி பாரிஸில் வாழ்ந்த கத்தோலிக்கக் குரு. நண்பர் ஒருவரின் சேகரிப்பிலிருந்த கால்சைட் படிகம் அவர் கைதவறி விழுந்து உடைந்தது என்றும், உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரே வகைச் சாய்சதுரத் திண்மமாக இருந்ததைக் கண்டு அவர் திகைத்தார் என்றும் அறிவியல் வரலாறுகள் சொல்கின்றன. 1784-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இது: படிகம் என்பது ஒரே அளவான சின்னஞ்சிறு கட்டிகள் முப்பரிமாணத்திலும் அடுக்கப்பட்ட கட்டு. படிக முகங்களுக்கு இடைப்பட்ட கோணங்கள் மாறுவதில்லை என்பதை 1669-இலேயே ஸ்டீனோ கண்டிருந்தார். அது ஏன் மாறுவதில்லை என்பதற்கு ஆயியின் கட்டிகள் காரணம் கூறின.

கட்டிகளை விட்டுவிட்டு அவை நிற்கும் புள்ளிகளை மட்டும் பார்த்தால் கிடைப்பது அணிக்கோவை. எல்லையில்லாமல் திரும்பத் திரும்ப வரும் இந்தப் புள்ளி அடுக்கு, சமச்சீருக்குக் கடுமையான வரம்பு போடுகிறது. ஓர் அச்சைச் சுற்றி 180, 120, 90, 60 பாகைகள் சுழற்றினால் அணிக்கோவை தன்மேல் தானே பொருந்தலாம். 72 பாகைச் சுழற்சிக்கு, அதாவது ஐந்து மடிப்புச் சமச்சீருக்கு, அதில் இடமே இல்லை. இந்த வரம்புக்குள் சுழற்சி, பிரதிபலிப்பு, தலைகீழாக்கம் ஆகியவற்றை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று 1830-இல் ஜெர்மானியர் ஹெஸ்ஸெல் எண்ணினார். விடை 32. அந்த எண்ணிக்கையை அன்று யாரும் கவனிக்கவில்லை. 1867-இல் பின்லாந்தைச் சேர்ந்த காடோலின் அதே 32-ஐத் தனியாக மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அணிக்கோவைகளை 15 என்று பிராங்கென்ஹைம் எண்ணியிருந்தார். அவற்றில் இரண்டு ஒன்றே என்று காட்டி, 1848-இல் ஒகுஸ்த் பிராவே அதை 14 ஆகத் திருத்தினார்.

இதே காலத்தில் பிரெஞ்சுக் கணிதத்தில் வேறொரு விதை முளைத்துக்கொண்டிருந்தது. 1832-இல் துப்பாக்கிச் சண்டையில் 20 வயதில் இறந்த எவரிஸ்த் கால்வா, சமன்பாடுகளின் தீர்வுகளை இடம் மாற்றும் செயல்களைக் குலம் என்று ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். அவரது கையெழுத்துப் படிகளை லியூவில் 1846-இல் அச்சேற்றினார். குலம் என்றால் இவ்வளவுதான்: ஒரு செயலுக்குப் பின் இன்னொரு செயலைச் செய்தால் வருவதும் அதே திரட்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு செயலையும் மாற்றிச் செய்து பழைய நிலைக்குத் திரும்பவும் முடிய வேண்டும். படிகத்தின் சமச்சீர்ச் செயல்கள் இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. அதைக் கண்டு முதலில் பயன்படுத்தியவர் காமீய் ஜோர்தான். பிராவேயின் அணிக்கோவைகளைப் படித்துவிட்டு, வெளியில் நிகழக்கூடிய நகர்வுகளின் குலங்களை 1868-69-இல் அவர் வகைப்படுத்தினார். அதைக் கொண்டு சோன்கே 1879-இல் சுழற்சியும் இடப்பெயர்ச்சியும் மட்டும் அடங்கிய 65 படிகக் குலங்களைப் பட்டியலிட்டார்.

பிரதிபலிப்புகளையும் சேர்த்து எண்ணும் வேலை எஞ்சியிருந்தது. அதை இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமலே கையில் எடுத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் யெவ்கிராஃப் ஃபியோதரோவ் என்னும் கனிமவியலாளர்; கோட்டிங்கனில் ஃபெலிக்ஸ் கிளைன் தூண்டியதால் இறங்கிய ஆர்தர் ஷோன்ஃப்ளீஸ் என்னும் கணிதர். பிறகு இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. ஒருவர் பட்டியலில் விடுபட்டதை மற்றவர் சுட்டினார், இரண்டு முறை எண்ணப்பட்டது நீக்கப்பட்டது, 1891-இல் இருவரும் 230 என்ற ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்தார்கள். இவையே வெளிக்குலங்கள். முந்தியது யார் என்ற வழக்கு அறிவியலில் எத்தனையோ நட்பைக் கெடுத்திருக்கிறது. இவர்கள் இருவரும் ஒருவர் தவற்றை ஒருவர் திருத்திக்கொண்டது அதனால்தான் பாராட்டத்தக்கது. லண்டனில் வில்லியம் பார்லோ தன் வழியில் 1894-இல் அதே முடிவை எட்டினார்.

கோட்டிங்கனில் அந்நாளில் நடந்த இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷோன்ஃப்ளீஸும் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்ட்டும் சேர்ந்து, இயற்கை அறிவியல் மாணவர்களுக்காக 1895-இல் ஒரு கணிதப் பாடநூல் எழுதினார்கள். இரண்டு ஆண்டுகளில் நெர்ன்ஸ்ட் ஒரு விளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒளிர்ந்தது இழை அல்ல, சிர்கோனியாவுடன் யிட்ரியா கலந்து சுட்ட பீங்கான் கோல். குளிர்ந்த நிலையில் மின்சாரத்தைக் கடத்தாத அந்தக் கோல், முதலில் சூடேற்றிவிட்டால் ஆக்சிஜன் அயனிகள் நகர்வதால் மின்சாரத்தைக் கடத்தி வெண்ணொளி வீசும். வெளிக்குலங்களை எண்ணியவரும் சிர்கோனியாவைப் பொறியியல் பொருளாக்கியவரும் ஒரே நூலின் ஆசிரியர்கள். ஆனால் ஒருவர் வேலை மற்றவர் வேலைக்கு எப்படி உதவும் என்று அன்று இருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

1912-இல் மியூனிக்கில் லாவெயின் யோசனைப்படி ஃபிரெட்ரிக்கும் நிப்பிங்கும் ஒரு காப்பர் சல்பேட் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். பின்னால் வைத்த தகட்டில் புள்ளிகள் பதிந்தன. அணிக்கோவை உண்மைதான் என்பது அதோடு உறுதியாயிற்று. பிராக் தந்தையும் மகனும் அடுத்த ஆண்டே உப்பு, வைரம் ஆகியவற்றின் உள்ளமைப்பைச் சொன்னார்கள். எக்ஸ் கதிர்ப் படத்தில் எந்தெந்தப் புள்ளிகள் காணாமற்போகின்றன என்பதைப் பார்த்தே படிகம் எந்த வெளிக்குலத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் கூறிவிடலாம். அதற்கான அட்டவணைகளை 1919-இல் நிக்லியும், 1924-இல் ஆஸ்ட்பரியும் பின்னாளில் கேத்லீன் லான்ஸ்டேல் என்று புகழ்பெற்ற கேத்லீன் யார்ட்லியும் தந்தார்கள். எல்லாம் ஒன்றுசேர்ந்து 1935-இல் பன்னாட்டு அட்டவணைகளாக வந்தன.

230 என்பது பட்டியல். பட்டியலில் உள்ளவை தமக்குள் எப்படி உறவுகொண்டுள்ளன என்பது வேறு கேள்வி. ஒரு குலத்துக்குள்ளேயே சிறிய குலங்கள் அடங்கியிருக்கும், அவை உட்குலங்கள். இரண்டு உட்குலங்களை எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொதுவான செயல்கள் சேர்ந்து ஓர் உட்குலமாகும். அது அவற்றின் சந்திப்பு. இரண்டையும் உள்ளடக்கும் மிகச் சிறிய உட்குலம் அவற்றின் சேர்ப்பு. எந்த இரண்டுக்கும் சந்திப்பும் சேர்ப்பும் உள்ள இத்தகைய ஒழுங்கைக் கணிதர்கள் லாட்டிஸ் என்கிறார்கள். ரிச்சர்ட் டெடெகிண்ட் 1897-லும் 1900-லும் எழுதிய இரு கட்டுரைகளில் இதை ஆராய்ந்தார். அப்போது அது பெரிதாக எடுபடவில்லை. 1930-களில் ஓய்ஸ்டைன் ஓரேயும் காரெட் பிர்க்காஃபும் அதை மீண்டும் எடுத்து வளர்த்தார்கள். 1940-இல் வந்த பிர்க்காஃபின் நூலோடு லாட்டிஸ் கோட்பாடு இயற்கணிதத்தில் தனித் துறையானது.

படிகவியலில் இந்தப் படிவரிசையை முறையாக ஆராய்ந்தவர் கார்ல் ஹெர்மான். ஒரு வெளிக்குலத்திலிருந்து அதன் எந்த உட்குலத்துக்கும் இரண்டே கட்டங்களில் இறங்கலாம் என்று அவர் 1929-இல் நிறுவினார். முதல் கட்டத்தில் இடப்பெயர்ச்சிகள் எல்லாம் அப்படியே இருக்க, சுழற்சி, பிரதிபலிப்புகளில் சில போகும். இரண்டாவதில் அவை அப்படியே இருக்க, இடப்பெயர்ச்சிகளில் சில போகும். 1935 அட்டவணைகளின் பதிப்பாசிரியரும் அவரே என்பதால், உட்குலங்களும் அதில் இடம்பெற்றன. நாஜி ஆட்சியில் யூதர்களுக்கு உதவியதற்காக அவரும் மனைவி ஏவாவும் சிறை சென்றார்கள் என்பதையும் அவர் பெயரோடு நினைவில் வைப்பது தகும். 1952-இல் அட்டவணைகள் மறுபதிப்பு கண்டபோது உட்குலப் பட்டியல் நீக்கப்பட்டுவிட்டது. அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே அன்றைய வேலையாக இருந்ததால் அது தேவையற்றதாகப் பட்டிருக்கலாம். ஆனால் அது பிழையான முடிவு. ஏனென்றால் அதற்குள்ளாகவே பீங்கான் ஆய்வு உட்குலங்கள் பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

திருப்பியது பேரியம் டைட்டனேட். இரண்டாம் உலகப்போரில் வானொலிக்கும் ரேடாருக்கும் மின்தேக்கிகள் ஏராளமாகத் தேவைப்பட்டன; அவற்றுக்கு வேண்டிய மைக்காவுக்குத் தட்டுப்பாடு. மாற்றுத் தேடியபோது அமெரிக்கா, ஜப்பான், சோவியத் ஒன்றியம் மூன்றிலும் தனித்தனியே இந்தப் பீங்கான் கண்டறியப்பட்டது. மற்றப் பீங்கான்களைவிடப் பன்மடங்கு மின்னூட்டத்தை அது தேக்கியது. 1945-இல் ஹெலன் மெகா அதன் உள்ளமைப்பை வெளியிட்டார். 1839-இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றை ஆராய்ந்த குஸ்தாவ் ரோஸ், அதற்கு ரஷ்யப் பிரபு பெரோவ்ஸ்கியின் பெயரால் பெரோவ்ஸ்கைட் என்று பெயரிட்டிருந்தார். பேரியம் டைட்டனேட்டும் அந்தக் குடும்பமே. கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் பேரியம், நடுவில் டைட்டானியம், ஆறு முகங்களின் மையத்திலும் ஆக்சிஜன்.

அதன் நடத்தையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் குலக் கோட்பாடு பீங்கானில் என்ன செய்கிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும். 120 டிகிரி செல்சியசுக்கு மேல் படிகம் கனசதுரம். கனசதுரத்துக்கு 48 சமச்சீர்ச் செயல்கள் உண்டு. குளிர்ந்து 120 டிகிரியைத் தாண்டும்போது நடுவிலுள்ள டைட்டானியம் ஏதோ ஒரு முகத்தை நோக்கிச் சற்றே விலகுகிறது, கனசதுரம் அந்தத் திசையில் நீண்டு நாற்கோணமாகிறது, நேர், எதிர் மின்னூட்டங்களின் மையங்கள் விலகி அத்திசையில் மின்முனைவு தோன்றுகிறது. இப்போது எஞ்சும் சமச்சீர்ச் செயல்கள் 8. உட்குலத்தின் அளவு குலத்தின் அளவை மீதமின்றி வகுக்கும் என்கிறது லக்ராஞ்சின் பெயர் பெற்ற தேற்றம். 48-ஐ 8-ஆல் வகுத்தால் 6. மின்முனைவு நோக்கக்கூடிய திசைகளும் சரியாக ஆறு. ஏறக்குறைய 5 டிகிரியில் படிகம் செஞ்சாய்சதுரமாகும்போது மிஞ்சுபவை 4 செயல்கள், திசைகள் 12. மைனஸ் 90 டிகிரி அளவில் சாய்சதுரமாகும்போது 6 செயல்கள், 8 திசைகள்.

லெவ் லாண்டாவ் 1937-இல் வகுத்த விதி இதோடு சேர்கிறது. ஒரு படிகம் படிப்படியாக, தாவல் இல்லாமல் இன்னொரு வடிவத்துக்கு மாற வேண்டுமானால், புதிய குலம் பழையதன் உட்குலமாக இருந்தே தீர வேண்டும். நாற்கோண வடிவத்தின் 8 செயல்களுக்குள் செஞ்சாய்சதுரத்தின் 4 செயல்கள் அடங்குவதில்லை. இரண்டும் கனசதுரத்தின் உட்குலங்கள், ஆனால் ஒன்றுக்குள் ஒன்று இல்லை. ஆகவே 5 டிகிரியில் நடக்கும் மாற்றம் தாவலாகத்தான் இருக்க முடியும். அளந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது.

சுட்ட பீங்கான் ஒற்றைப் படிகம் அல்ல. கோடிக்கணக்கான நுண்மணிகள் தாறுமாறான திசைகளில் ஒட்டி நிற்கும் கட்டி அது. மணிக்கு மணி மின்முனைவு ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், அழுத்தினால் மின்சாரம் வரும் தன்மையைப் பீங்கானிடம் எதிர்பார்க்கவே முடியாது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. 1880-இல் கியூரி சகோதரர்கள் அந்த விளைவைக் கண்டது குவார்ட்ஸ் போன்ற ஒற்றைப் படிகங்களில். ஹெஸ்ஸெல் எண்ணிய 32 படிக வகுப்புகளில் 20-இல் மட்டுமே அது இயலும் என்பதும் சமச்சீர்க் கணக்கிலிருந்து வந்த முடிவு. 1940-களின் நடுவில், பேரியம் டைட்டனேட் கட்டிக்கு வலுவான மின்புலம் கொடுத்தால் ஒவ்வொரு மணியும் தனக்கு வாய்த்த ஆறு திசைகளில் புலத்துக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்துகொள்கிறது என்றும், புலத்தை நீக்கிய பின்னும் பெரும்பகுதி அப்படியே நிற்கிறது என்றும் தெரியவந்தது. திசைகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாகப் பீங்கான் வசப்படும். குலத்தை உட்குலத்தின் அளவால் வகுத்து வந்த எண், இப்படி ஒரு தொழிற்சாலைக்குப் பொருளுள்ளதாயிற்று.

1950-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் ஷிரானே, சவாகுச்சி முதலியோர் ஈயச் சிர்கோனேட்டையும் ஈய டைட்டனேட்டையும் கலந்த பீங்கானை ஆராய்ந்தார்கள். டைட்டானியம் மிகுந்தால் நாற்கோணம். சிர்கோனியம் மிகுந்தால் சாய்சதுரம். 1954-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஜாஃபியும் உடன்பணியாற்றியோரும், இரண்டும் சற்றேறக்குறையச் சமமாகும் எல்லையில் அழுத்த மின்விளைவு உச்சத்துக்குப் போவதைக் காட்டினார்கள். நாற்கோணத்தின் 6 திசைகளும் சாய்சதுரத்தின் 8 திசைகளும் அங்கே ஒருசேரக் கிடைப்பதால் 14 திசைகள் என்பது நெடுநாள் சொல்லப்பட்ட விளக்கம். சோனாரிலும் அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையிலும் சமையலறைக் கேஸ் லைட்டரின் சொடுக்கிலும் இருப்பது பெரும்பாலும் இந்தக் கலவைப் பீங்கான்தான்.

சிர்கோனியாவின் பாதை வேறு. அது ஏறத்தாழ 2370 டிகிரிக்கு மேல் கனசதுரம், 1170 டிகிரி வரை நாற்கோணம், அதற்குக் கீழே ஒற்றைச்சரிவு. கடைசி மாற்றத்தில் கன அளவு நான்கு, ஐந்து சதவீதம் பெருகுவதால் தூய சிர்கோனியா ஆறும்போது வெடித்துப் பொடியாகும். 1929-இல் ரூஃபும் எபர்ட்டும் மக்னீசியா போன்ற ஆக்சைடுகளைக் கலந்து உயர்வெப்ப வடிவத்தையே அறை வெப்பத்திலும் நிறுத்தினார்கள். 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் கேட்டையே நன்மையாக்கினார்கள். நாற்கோண மணிகளைப் பாதி நிலைப்படுத்தி வைத்தால், விரிசல் வந்து முட்டும் இடத்தில் அவை ஒற்றைச்சரிவாக மாறிப் பருத்து விரிசலின் வாயை நெருக்குகின்றன. பீங்கானின் பிறவிக்குணமான நொறுங்குதல் அதனால் பெரிதும் அடங்கியது. சமச்சீர்க் கணக்கு இங்கே எந்த மாற்றம் இயலும் என்றுதான் சொல்கிறது. மணி எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும், எவ்வளவு ஆக்சைடு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் சூளையருகே நின்று கண்டவை. இந்தச் சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் மணல், டைட்டானியக் கனிமங்களான இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிரித்தெடுக்கப்படுகிறது.

பெரோவ்ஸ்கைட்டுகளில், நடு அணுவைச் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களாலான எண்முகிகள் தம் மையத்தில் நின்றபடியே சாயவும் செய்யும். எந்தெந்த அச்சில், அடுத்தடுத்த அடுக்குகளில் ஒரே பக்கமா எதிரெதிர்ப் பக்கமா என்று பார்த்து, கேம்பிரிட்ஜில் மைக் கிளேஸர் 1972-இல் 23 சாய்வு முறைகளை எண்ணினார். 1998-இல் ஹோவர்டும் ஸ்டோக்ஸும் குலக் கோட்பாட்டைக் கொண்டு அதைச் சலித்து 15 ஆக்கினார்கள். அவர்கள் வரைந்த படத்தில் மேலே கனசதுரக் குலம், கீழே படிப்படியாக உட்குலங்கள், இடையே கோடுகள்; எந்த மாற்றம் தாவலாகவே நடக்கும் என்பதும் கோட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. டெடெகிண்ட் பேசிய ஒழுங்கின் படம் அது. பீங்கான் ஆய்வாளர் அன்றாடம் புரட்டுவது. வேதியியலில் இதே வகை உட்குல மரங்களை 1980-இல் பேர்னிங்ஹவுசன் பரப்பியிருந்தார்.

1999-இல் ஈயச் சிர்கோனேட் டைட்டனேட்டின் அந்தப் பழைய எல்லையை நொஹெடாவும் உடன்பணியாற்றியோரும் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிரால் மிக நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். குழுவில் ஒருவர், டோக்கியோவில் அதே பொருளை இளமையில் ஆராய்ந்த ஷிரானே. எல்லையில் நாற்கோணமும் சாய்சதுரமும் மட்டுமல்ல, ஒற்றைச்சரிவு வடிவம் ஒன்றும் ஒளிந்திருந்தது. நாற்கோணத்தின் 8 செயல்களுக்கும் சாய்சதுரத்தின் 6 செயல்களுக்கும் பொதுவானவை இரண்டே: எதையும் அசைக்காமல் விடுவது, இரண்டின் முனைவுத் திசைகளையும் தாங்கிய ஒரு தளத்தில் பிரதிபலிப்பது. அந்த ஒற்றைச்சரிவு வடிவத்தின் சமச்சீர் சரியாக இந்த இரண்டுதான். இரு உட்குலங்களின் சந்திப்பு. மின்முனைவு அந்தத் தளத்துக்குள் ஒரு திசையிலிருந்து மறு திசைக்குத் தங்குதடையின்றிச் சுழல முடியும் என்பதால், 14 திசைகள் என்ற விளக்கத்தைவிட இது அந்த உச்ச விளைவுக்கு நெருங்கிய காரணம்.

1952-இல் நீக்கப்பட்ட உட்குலப் பட்டியல் 1983-இல் பன்னாட்டு அட்டவணைகளுக்குள் திரும்பி வந்தது. 2004-இல் 230 வெளிக்குலங்களின் உட்குல உறவுகளுக்கென்றே ஒரு தனித் தொகுதி வெளியாயிற்று.